அரைச் செங்கல்

பையை மடியில வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க தம்பி, மேல கம்பியில வைங்க, விழாது. விருதுநகர்தானே? நானும் அங்கதான். கோர்ட்டுக்குப் போறேன். சாட்சி சொல்ல இல்ல, என் மேலதான் கேசு. மூணாவது எதிரின்னு கூப்பிடுவாங்க. பாத்தா அப்படித் தெரியலையோ? எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்க.

ஒரு அரைச் செங்கல். அதுதான் என்னைய மாசாமாசம் இந்த பஸ்ல உக்கார வைக்குது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு, சொல்லுறேன். நீங்க வெளியூருன்னு தெரியுது, அதனால சொல்லலாம். உள்ளூர்க்காரன்கிட்ட பேச முடியலை. பேச ஆரம்பிச்சா எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிர்றான்.

பதினெட்டு வருசம் பயராபீஸ்ல போர்மேனா இருந்தேன். பயராபீஸ்னா தீயணைக்கிற ஆபீஸ்னு நெனச்சுறாதீங்க. பட்டாசு பண்ணுற எடம். எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். தவசிலிங்கம் போர்மேன்னா அந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாதவன் கிடையாது. காலையில கேட்டுல நின்னு ஒவ்வொரு பொம்பளையோட கூடையையும் பாத்துத்தான் உள்ள விடுவேன். தீப்பெட்டி, செல்போன், சாவிக்கொத்து, ஒண்ணும் உள்ள போகாது. அவ்வளவு கண்டிசன்.

சட்டப்படி ஒரு ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும். தீபாவளி சீசன்ல நாலு பேரை வச்சு என்ன பண்ண? எங்க பதினோராம் நம்பர் ரூம்ல பதினோரு பேரு சரம் பின்னுவாங்க. நம்பருக்குப் பொருத்தமா இருக்கட்டும் தவசின்னு மொதலாளி வெளாட்டாச் சொல்லுவாரு. நல்ல மனுசன். சிரிச்சுக்கிட்டேதான் பேசுவாரு.

அந்த ரூமுக்கு முன்னாடி ஒரு கதவு, பின்னாடி ஒரு கதவு. பின்கதவு ஓடைப் பக்கம். ஓடைக்கு அங்கிட்டு தார் ரோடு. பின்கதவு தொறந்து கெடந்தா ரோட்டுல ஜீப்புல போற ஆபீசர் கண்ணுக்குப் பதினோரு தலையும் தெரிஞ்சுரும். அதனால மொதலாளி சொன்னாரு, தவசி, பின்கதவு சாத்தியே இருக்கட்டும். சாத்துனேன். வெளிப்பக்கம் தாழ்ப்பாள். போட்டேன். சொன்னதைச் செய்யுறவன்தானே நான். சின்ன ஆளு தம்பி. என் கையில என்ன இருக்கு? தாழ்ப்பாள்தான் இருக்கு.

அங்க குருவம்மான்னு ஒருத்தி. கூட்டுறவ. ரூமுக்கு வெளிய சிந்திக் கெடக்கிற பேப்பர், திரி எல்லாத்தையும் கூட்டி அள்ளி, தண்ணி தெளிச்சு விடணும், அதுதான் வேலை. நாலரை அடி இருப்பா. ஒரு வாளித் தண்ணியத் தூக்குனா வாளிதான் அவளை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாது. அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுறதுக்குக்கூட யாரும் மெனக்கெட மாட்டாங்க, ‘ஏ கூட்டுறவளே’ன்னுதான்.

ஆடி மாசம் ஒரு நாள் ரவுண்டு போறேன். பின்கதவு தாழ்ப்பாள் எடுத்துவிட்டுக் கெடக்கு. கதவு இடுக்குல ஒரு அரைச் செங்கல். கதவு சாத்தாம முட்டுக் கொடுத்துருக்கு.

“யாரு வச்சது?”ன்னேன்.

“நாந்தான் போர்மேனய்யா.”

“எதுக்கு?”

“கதவு சாத்திக்கிருது.”

“சாத்துறதுக்குத்தான கதவு.”

அவ பாட்டுக்குக் கூட்டிக்கிட்டே இருந்தா. நான் கல்லைக் காலால எத்திவிட்டுட்டு, தாழ்ப்பாளைப் போட்டுட்டு வந்துட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி இன்னொரு ரவுண்டு போனா, கல்லு இருக்கு.

அன்னிக்கு ஆரம்பிச்சது. நான் எத்துவேன், அவ வைப்பா. நான் தாழ்ப்பாள் போடுவேன், அவ எடுப்பா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஒரு சீசன் பூரா. திட்டிப் பாத்தேன். வேலைக்கு வந்தவளை வரலைன்னு எழுதிப் பாத்தேன். வரலைன்னு எழுதுன அன்னிக்கும் பொழுது சாயிற வரைக்கும் கூட்டிட்டுத்தான் போனா. சுத்துச் சுவருக்குள்ள ஒரு செங்கல் இல்லாம லோடுமேன்களை விட்டுப் பொறுக்கி வெளிய போடச் சொன்னேன். மறுநாள் வீட்டுல இருந்தே கொண்டு வர ஆரம்பிச்சா. வயர்கூடை, அதுல தூக்குச்சட்டி, தூக்குச்சட்டிக்கு அடியில அரைச் செங்கல். கேட்டுல நாந்தான் கூடையைப் பாக்குறேன். என்னன்னு சொல்லித் தடுப்பேன்? தீப்பெட்டி கூடாதுன்னு இருக்கு, போன் கூடாதுன்னு இருக்கு. செங்கல் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? வாச்மேன் முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கிறான்.

ஒரு நாள் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஒனக்கு என்னதான் வேணும் குருவம்மா?”

“எனக்கு ஒண்ணும் வேணாம்யா. எந் தங்கச்சி வேற ஆபீஸ்ல வேலை பாத்தா. வெடிச்சுச்சு. கதவுகிட்டத்தான் கெடந்தா.”

“எந்தக் கதவுகிட்ட?”

“சாத்துன கதவுகிட்ட.”

கேக்கச் சங்கடமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு துக்கம் இருக்கு தம்பி. அதையெல்லாம் தூக்கிக்கிட்டு வேலைக்கு வந்தா வேலை நடக்குமா? துக்கத்தை வீட்டுல வச்சுட்டு வான்னு சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன். தலையை ஆட்டுனா. போய்க் கல்லை வச்சா.

இதுல எம் பொண்ணு வேற. பொன்செல்வி. காலேஜ் முடிச்சிட்டுச் சும்மா இருந்தா, சீசனுக்கு ஆள் பத்தலை, நாந்தான் கூட்டிட்டு வந்து பதினோராம் நம்பர் ரூம்ல உக்கார வச்சேன். பின்கதவுக்குப் பக்கத்துல எடம். ஒரு நாள் சோறு போடும்போது மெதுவாச் சொல்லுறா, “அப்பா, அந்தக் கல்லை எத்தாதீங்கப்பா. அந்த இடுக்கு வழியாத்தான் கொஞ்சம் காத்து வருது. உள்ள மருந்து நெடி தாங்கலை.”

“ஒனக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா?”ன்னு கேட்டேன். சோத்துச் சட்டியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. பாத்துக்கிடுங்க தம்பி, பெத்த பொண்ணுக்குக்கூடச் சலுகை காட்டாதவன் நான். இதை எந்தக் கோர்ட்டாவது கணக்குல எடுக்குதா?

எத்தி எத்தி எனக்குப் பெருவிரல் நகமே பேந்து போச்சு. அதைக் கேக்க நாதியில்லை.

புரட்டாசி கடைசி வியாழக்கிழமை. மூட்டமா இருந்துச்சு, மழை இல்லை. காலையில முதல் ரவுண்டு போனேன், கல்லை எத்துனேன், தாழ்ப்பாள் போட்டேன். ரெண்டாவது ரவுண்டு போகலை. கால் வலி. கேட்டுகிட்ட நாற்காலியில உக்காந்துட்டேன். அன்னிக்கு ரெண்டாவது ரவுண்டு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு வக்கீல்கூட ஒரு தடவை கேட்டாரு. அதையெல்லாம் எதுக்கு சார் பேசிக்கிட்டுன்னு சொல்லிட்டேன்.

பதினொண்ணே காலுக்கு மருந்து கலக்குற ரூம் போச்சு. பெரியகருப்பனும் அவன் மச்சினனும் உள்ள இருந்தாங்க. அவங்களுக்குக் கதவு தொறந்திருந்து என்ன, சாத்தியிருந்து என்ன. ஒரு நிமிசங்கூட ஆகலை, தீ பதினோராம் நம்பர் ரூமுக்கு முன்வாசல்ல அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியில பிடிச்சிருச்சு. முன்கதவு வழியா ஒரு ஈ வெளிய வர முடியாது.

மிச்சத்தை அந்தப் பொம்பளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாரும் பின்பக்கம் பாஞ்சிருக்காங்க. தாழ்ப்பாள் இல்லை. நான் போன பிறகு குருவம்மா எடுத்துவிட்டுக் கல்லை வச்சிருக்கா. வெடிச்ச அதிர்ச்சியில தகரக் கதவு கோணிக்கிட்டு, ஒரு சாண் தொறந்து அப்படியே நின்னுருச்சு. அந்தக் கல்லு மட்டும் இல்லைன்னா அந்த ஒரு சாணும் கிடையாது. இந்த நாலரை அடிக்காரி வெளிய இருந்து அந்த ஒரு சாண் இடுக்குல ரெண்டு கையையும் விட்டு இழுத்திருக்கா. தகரம் நெருப்பாக் காஞ்சு கெடக்கு. விடலையாம். கதவு வந்துருச்சு. ஒவ்வொருத்தரா ஓடைக்குள்ள குதிச்சிருக்காங்க. முள்ளுக்குள்ள நின்னு எண்ணிப் பாத்தாங்களாம். பதினோரு பேரு.

எம் பொண்ணு பத்தாவது ஆளா வந்திருக்கா. கதவுக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்தா, முதல்ல வந்திருக்கணும்ல? எல்லாரையும் முன்னாடி தள்ளிவிட்டுட்டுப் பத்தாவதா வந்திருக்கா. கடைசியா வந்தது அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வந்த மாசமா இருந்த பொண்ணு. பொழைக்கத் தெரியாத புள்ள தம்பி. நானும் எவ்வளவோ சொல்லித்தான் வளத்தேன்.

அப்புறம் போலீசு, விசாரணை, எல்லாம் வந்துச்சு. மொதலாளியோட வக்கீல் வீட்டுக்கே வந்தாரு. “தவசி, ரூம்ல பதினோரு பேரு இருந்தாங்கன்னு மறைக்க முடியாது. ஆனா பின்கதவு தொறந்திருந்துச்சுல்ல? அது நமக்குப் பெரிய பலம். பாதுகாப்புக்காக நீங்கதான் தெனமும் கல்லு வைக்கச் சொன்னீங்கன்னு எழுதிருவோம். மொதலாளிக்கும் நல்லது, ஒங்களுக்கும் நல்லது”ன்னாரு.

யோசிச்சுப் பாத்தேன். இதுல யாருக்கு என்ன நட்டம்? உயிரு பொழைச்சவங்க பொழைச்சிட்டாங்க. கல்லை யாரு வச்சா என்ன? சரின்னேன். பொழைச்ச பொம்பளைங்ககிட்ட வக்கீல் பேப்பரை நீட்டுனாரு. ஆபீஸ் மறுபடி தொறந்தா வேலை வேணும்ல, எல்லாரும் போட்டாங்க. பொன்செல்வியும் போட்டா. போடும்போது பேப்பரைப் பாக்கலை, எம் மூஞ்சியத்தான் பாத்தா.

குருவம்மாவைப் பாக்க மதுரை ஆஸ்பத்திரிக்கு நானும் வக்கீலும் போனோம். ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் கட்டு. போர்மேன் சொல்லித்தான் நான் கல்லு வச்சேன், அவ்வளவுதான் பேப்பர்ல. கைநாட்டு வைக்க விரல் கட்டுக்குள்ள இருக்கேன்னு யோசிச்சு, கால் பெருவிரல் ரேகை வச்சாலும் செல்லும்னு வக்கீல் மைப்பெட்டியை எடுத்தாரு.

அவ படுத்த மேனிக்கு என்னையப் பாத்து மெதுவாச் சொன்னா, “எங் காலு எதுக்குய்யா? கல்லை எத்துனது ஒங்க காலுதான. அதோட ரேகையை வைங்க.”

பக்கத்துப் படுக்கைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. வக்கீல் மைப்பெட்டியை மூடிட்டாரு. எவ்வளவு திமிரு பாருங்க. நான் ரெண்டு கிலோ ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிருந்தேன். அதை அங்கேயே வச்சிட்டுத்தான் வந்தேன், திருப்பி எடுக்கலை.

அதுக்கு அடுத்த மாசம் ஒரு சங்கத்துக்காரங்க கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. பதினோரு உயிரைக் காப்பாத்திய போர்மேன்னு பேனர். ரெண்டு வார்த்தை பேசுங்கன்னாங்க. என் கடமையைத்தான் செஞ்சேன்னு சொன்னேன். கை தட்டுனாங்க. சத்தியமாச் சொல்லுறேன் தம்பி, அந்தக் கைதட்டலைக் கேக்கும்போது எனக்கே நாந்தான் வச்ச மாதிரி இருந்துச்சு. நான் எத்தாம இருந்திருந்தா அவளுக்கு அவ்வளவு வீம்பு வந்திருக்குமா? அப்படிப் பாத்தா எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல? இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. ஒங்ககிட்டதான் சொல்லுறேன்.

பொன்செல்வி கூட்டத்துக்கு வந்திருந்தா. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடலை.

மொதலாளி ஆறு மாசத்துல வேற பேருல வேற எடத்துல ஆபீஸ் தொறந்துட்டாரு. என்னையக் கூப்பிடலை. கேசுல இருக்கிற ஆளை எப்படித் தவசி வச்சுக்க முடியும்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அவரும் அதே கேசுலதான் இருக்காரு, முதல் எதிரி. அந்தப் பதினோரு பேரையும் கூப்பிடலை. வேற ஆபீஸ்கள்லயும் சேக்கலை. கல்லுக் கோஷ்டின்னு பேரு வச்சிட்டாங்க. குருவம்மாவுக்கு விரல் எல்லாம் ஒட்டிப் போச்சு, வெளக்குமாறு பிடிக்க முடியாது. அவளுக்கு யாரும் பொன்னாடை போத்தலை, பேப்பர்ல ஒரு வரி வரலை. சரி, அத்தோட முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

முடியலை தம்பி. பொம்பளைங்க வாய் இருக்கே, கம்மாய்க்கரையில, ரேசன் கடையில, கல்யாண வீட்டுல அவ கதைதான். இப்ப எங்க பக்கம் எந்த ஆபீஸ்ல வேணாப் போய்ப் பாருங்க, பின்கதவுல ஒரு கல்லு கெடக்கும். போர்மேன் எத்துனா இன்னொருத்தி வைப்பா. ஒருத்தின்னா வேலையை விட்டு நிப்பாட்டலாம். ரூம்ல இருக்கிற அம்புட்டுப் பேருமே வச்சா? ஒரு ஆபீஸ்ல தாழ்ப்பாளையே அறுத்து எறிஞ்சுட்டாங்களாம். இந்த மூணு வருசத்துல எனக்குத் தெரிஞ்சு ரெண்டு எடத்துல வெடிச்சுச்சு. ரெண்டுலயும் சரம் பின்னுற ரூம்ல ஒரு சாவு இல்லை. அதைப் பேப்பர்ல போடுவாங்களா? செத்தாத்தான் போடுவாங்க.

நெனச்சுப் பாத்தா எனக்கு ஆறவே மாட்டேங்குது. கலெக்டர் சொல்லிக் கேக்காத ஆளுக, சட்டப் புத்தகத்தைக் காட்டி ஆபீசர் சொல்லிக் கேக்காத ஆளுக, ஒரு கூட்டுறவ சொல்லிக் கேட்டுட்டாங்க. அவ சொல்லக்கூட இல்லை. குனிஞ்சு வச்சா, அவ்வளவுதான்.

போன மாசம் பொன்செல்வி சாட்சிக் கூண்டுல ஏறுனா. எங்க தரப்புக்குத்தான் சொல்லுவான்னு வக்கீல் நம்பிக்கிட்டு இருந்தாரு. நானும். அவருதான் கேள்வி கேட்டாரு.

“கல்லை வச்சது யாரும்மா?”

“குருவம்மா சித்தி.”

“ஒங்க அப்பா சொல்லித்தான வச்சாங்க?”

“இல்லை. அப்பா எத்திவிடுவாரு. அவங்க வைப்பாங்க.”

“எத்தனை தடவை பாத்திருக்கீங்க?”

“நான் வேலைக்குப் போன அத்தனை நாளும்.”

வக்கீல் பேப்பரைக் காட்டுனாரு. “இது ஒங்க கையெழுத்துதான?”

“என்னோடதுதான். எங்கப்பா கேட்டாரு, போட்டேன்.”

“இப்ப மட்டும் ஏன் மாத்திச் சொல்லுறீங்க?”

“அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கலை. இன்னிக்குத்தான் கேக்குறீங்க.”

நல்லாப் படிச்ச புள்ள, தெளிவாப் பேசுவா. கூண்டுல இருந்து எறங்குனவ என் பக்கம் வரலை. அதுக்குப் பிறகு மத்தப் பத்துப் பேருல ஏழு பேரு அவ சொன்னதையே சொல்லிட்டாங்க. ஒருத்தி தொறந்துவிட்டா போதும் போல. வக்கீல் எங்கிட்ட முன்ன மாதிரி பேசுறதில்லை. மொதலாளிக்கு வேற வக்கீல் வச்சாச்சு. போர்மேன் எங்களுக்குத் தெரியாம தாழ்ப்பாள் போட்டாருன்னு அவரு இன்னிக்குச் சொல்லப் போறாராம். பதினெட்டு வருசம் தம்பி.

பொன்செல்வி சாட்சி சொன்ன அன்னிக்குக் கோர்ட்டுக்கு வெளிய ஜெராக்ஸ் கடைகிட்ட அவளைப் பிடிச்சு நிறுத்துனேன். “ஏம்மா இப்படிப் பண்ணுன? குருவம்மா ஒனக்கு யாரு, நான் யாரு?”ன்னு கேட்டேன். அவ கோபப்படலை. கோபப்பட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

“வெடிச்சப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க?”

“கேட்டுகிட்ட.”

“அப்புறம்?”

“ரோட்டுக்கு ஓடுனேன். போன் பண்ண. உள்ள சிக்னல் கிடையாதுன்னு ஒனக்கே தெரியும்.”

“யாருக்குப் பண்ணுனீங்க?”

யாருக்குப் பண்ண தம்பி? நான் ரோட்டு மேல இருக்கிற டீக்கடைக்குப் போறதுக்குள்ள டீக்கடைக்காரரே தீயணைப்புக்குச் சொல்லிட்டாரு. மறுபடி நான் எதுக்குப் பண்ணணும்?

“கேட்டுல இருந்து எங்க ரூம் அறுபது அடிதான்பா. டீக்கடை அரைக் கிலோமீட்டர்”னு சொன்னா. “வெளிய வந்ததும் நான் ஒங்களைத்தான் தேடுனேன். உள்ள நுழைஞ்சு எங்கேயாவது மாட்டிக்கிட்டீங்களோன்னு பயந்து ஓடைக்கரையில ஏறிப் பாத்தேன். நீங்க ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்தீங்க. கூப்பிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னா. வேற பஸ்ல ஏறிப் போயிட்டா. இப்ப குருவம்மா வீட்டுலதான் இருக்கா, அவளுக்குச் சோறு ஊட்டி, தலை சீவிவிட்டுக்கிட்டு.

நீங்களே சொல்லுங்க தம்பி. அவ்வளவு பெரிய சத்தம். காது ரெண்டும் அடைச்சுப் போச்சு எனக்கு. கூப்பிட்டாக் கேக்குமா? கேட்டிருக்காதுன்னுதான் அவகிட்டச் சொன்னேன். அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லுறேன்.

கேட்டுச்சு தம்பி. அப்பான்னு கேட்டுச்சு.